துப்பாக்கி லைசென்சும் தவணைத் தேதியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மாதக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டபொழுது, கல்வி, கூட்டுறவு, விவாகச் செலவைச் சுருக்குதல் என்னும் வழக்கமான விஷயங்களுள் ஒன்றையே யாம் எடுத்துக்கொள்வோமென்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். துப்பாக்கி லைசென்சைப்பற்றிப் பேசப்போகின்றோம் என்றதும் சிறிது திகைத்தார்கள். "லைசென்ஸ் பெறுவது எப்படி என்பதுபற்றியா?" என்று வினவினார்கள். அன்று, பெற்றதைத் தவணை தவறாமல் புதுப்பிப்பதுபற்றி என்றோம். "அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? தேதி வந்தால் மனுக் கொடுப்பதுதானே?" என்றார்கள். அவர்கள் கூறியது முற்றும் உண்மை. தேதி வந்தால், அன்று, தேதி வருமுன்னரே, மனுக் கொடுப்பதுதான். அவ்வளவு எளிய காரியத்தைச் செய்யாமையால் ஒரு குடும்பம் என்ன பாடுபட்டது என்பதை யாம் கண்கூடாக அறிவோம். என்னை, அக்குடும்பம் எம்முடையதே. ஆதலின் இதனைப் பேசத் துணிந்தோம்.

நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஆயுத பூசையன்று நிகழும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். கூடத்தில் மணை போட்டு, அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, கணக்குப் பேரேடு, பிள்ளைகளின் பாடப்புத்தகம் ஆகியவற்றோடு பாட்டனார் காலத்துத் துப்பாக்கியையும் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் இட்டுச் சார்த்தி வைப்பார்கள். அதன் பக்கத்தில் லைசென்ஸ் புத்தகமும் இருக்கும். கற்பூரம் காட்டி முடிந்தபின் துப்பாக்கி அலமாரிக்குப் போகும். புத்தகம் பெட்டிக்குப் போகும். அப்புத்தகத்தை விரித்து, இவ்வனுமதி எந்நாள் வரையில் செல்லும் என்று நோக்கியவர் அவ்வீட்டில் ஒருவரேனும் உளரோ என்பது ஐயமே. பூசையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கலாகாது என்னும் பிள்ளைகளின் வழக்கத்தைப் பெரியவர்கள் ஆண்டு முழுவதும் கைக்கொண்டுவிட்டார்கள் போலும்!

நிலத்திற்குப் பட்டா உண்டு; அதற்குத் தவணை இல்லை. நகைக்கு ரசீது உண்டு; அதற்கும் தவணை இல்லை. இவ்விரண்டையும் கண்டு பழகிய நாம் துப்பாக்கியையும் அவ்வினத்ததாகவே கருதிவிடுகின்றோம். பாட்டனார் விலை கொடுத்து வாங்கினார், தகப்பனார் வைத்திருந்தார், நாம் வைத்திருக்கின்றோம், நமக்குப்பின் மகன் வைத்திருப்பான் என்பது நம் நினைப்பு. சட்டத்தின் நினைப்பு இதற்கு நேர்மாறானது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியைப் பெறுதல், வைத்திருத்தல், ஏந்திச் செல்லுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே விலக்குகின்றது. இரும்பும் மரமும் நம் சொத்தாக இருக்கலாம்; அதனை நம் வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமையோ சர்க்கார் ஒரு மனிதருக்கு ஒரு காலவரையறைக்குள் அளிக்கும் அனுமதியேயாகும். அக்காலம் முன்னர் 3 ஆண்டாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5 ஆண்டாயிற்று. ஆயினும், "இப்பொழுது ஐந்தாண்டென்றார்களே" என்று வாயால் கணக்கிட்டுக்கொண்டு இருந்துவிடலாகாது. தத்தம் புத்தகத்தில் எழுதியிருக்கும் தேதி எதுவோ அதுவே தவணை.

அத்தேதி கழிந்த நள்ளிரவில் துப்பாக்கி யாதொரு மாறுதலும் அடைவதில்லை. அதே அலமாரியில் அதே உறைக்குள் இருக்கின்றது. ஆனால் அதனை வைத்திருப்பவர் நிலை மாறிவிடுகின்றது. மாலையில் உறங்கச் சென்றபொழுது லைசென்ஸ்தாரர். காலையில் எழும்பொழுது லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருப்பவர். 25-ஆம் பிரிவு அத்தகையோருக்கு விதிக்கும் தண்டனை முன்னர் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைவாசமாக இருந்தது. 2019-க்குப்பின் இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமுமாக ஏறிவிட்டது. தக்க விசேஷ காரணங்களை எழுத்தில் காட்டி நியாயாதிபதி குறைக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் மறதி என்பது விசேஷ காரணமாகுமா என்று நீதிஸ்தலத்தில் நின்று வாதிக்கும் நிலைக்கு ஒரு கண்ணியமான குடியானவர் ஏன் வரவேண்டும்?

தவணை முடிந்தால் என்செய்யவேண்டும் என்பதனையும் அச்சட்டமே 21-ஆம் பிரிவில் கூறியிருக்கின்றது. வீண் தாமதமின்றி, அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலாவது லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமாவது துப்பாக்கியை ஒப்படைத்துவிடவேண்டும். இது நம்மவருள் பலர் அறியாத செய்தி. அறிந்தவரும் ஒப்படைப்பதனை ஓர் அவமானமாகக் கருதி ஒளித்து வைக்கின்றனர். ஒப்படைத்தவரைச் சட்டம் காக்கின்றது, ஒளித்தவரைத்தான் பிடிக்கின்றது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று நம்முள் மீசை நரைத்தவர்கள் கேட்பதுண்டு. இதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபின், அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் செய்து, தெற்குச் சீமைப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்புவிக்கவும் கட்டளையிட்டார். அன்று தென்னாட்டார் கையிலிருந்து இறங்கிய ஆயுதம் பின்னர் லைசென்ஸ் என்னும் காகிதத்தின் மூலமாகவே திரும்பி வந்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் பிறந்தபொழுது ஐரோப்பியருக்கு ஒரு நீதியும் இந்தியருக்கு ஒரு நீதியுமாக இருந்தது. 1887-ல் சென்னையில் பத்ருத்தீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைத் தளர்த்தவேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1931-ல் கராச்சியில் இயற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒரு வரியாக இடம்பெற்றது. ஆனால் நாடு நம் கைக்கு வந்து, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அவர்கள் அவ்வுரிமையைச் சாசனத்தில் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தபொழுது, அம்பேத்கர் அவர்கள் அதனை ஏற்கவில்லை; சபையும் ஏற்கவில்லை. ஆகவே, நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது சாசன உரிமையன்று. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதில் நிறவேற்றுமை இல்லை. அனைவருக்கும் ஒரே லைசென்ஸ், ஒரே தவணை.

"குடகருக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாமாமே, நமக்கும் அத்தகைய விலக்குக் கேட்டு நம் சங்கம் ஏன் மனுச் செய்யலாகாது?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டனர். குடகருக்கும் அந்நாட்டு ஜம்மா நிலக்காரருக்கும் ஆங்கிலேயர் காலந்தொட்டு விலக்கு இருந்துவருவது மெய். ஆனால் அவ்விளைஞர் ஒன்றைக் கவனிக்கவில்லை. 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின்படி அவ்விலக்கே 2029 வரையில்தான் செல்லும். விலக்குக்குங்கூடத் தவணை உண்டென்றால் நம் லைசென்சுக்கு இல்லாமற் போகுமா?

கடல் கடந்த நாட்டிலும் இதுவே நிலை. நம்மவர் பிள்ளைகள் பலர் இருக்கும் அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருத்தல் 1791 முதல் சாசனத்தில் ஏறிய உரிமை. அப்படியிருந்தும், கைத்துப்பாக்கியை உடையுள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு அங்குள்ள மாகாணங்கள் அனுமதிச் சீட்டு வழங்கிவருகின்றன; புளோரிடாவில் அது 7 ஆண்டு, யூட்டாவில் 5 ஆண்டு. இப்பொழுது பல மாகாணங்களில் சீட்டு இன்றியே எடுத்துச் செல்லலாமென்று ஆக்கிவிட்டார்கள். டெக்ஸஸ் 2021-லும் புளோரிடா 2023-லும் அவ்வாறு செய்தன. ஆயினும் அங்கே விவேகமுள்ளோர் தம் சீட்டைத் தவணைக்கு முன்னர்ப் புதுப்பித்தே வருகின்றனர். ஏனெனில், ஒரு மாகாணத்தின் எல்லையைத் தாண்டி மற்றொன்றிற் புகும்பொழுது அச்சீட்டை மதிக்கும் மாகாணங்கள் பல. வெறுங்கையோடு வருபவனை மதியாத மாகாணங்களும் பல. எல்லையோரத்துச் சாலையில் காரை நிறுத்தும் போலீஸ்காரர் முதலிற் பார்ப்பது தேதியைத்தான்.

மறைத்து எடுத்துச் செல்லுதல் என்றதும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டில், லைசென்ஸ் கையிலிருக்கின்றதென்று துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தைக்கும் திருவிழாவுக்கும் போவதைச் சிலர் கௌரவமாகக் கருதுகின்றனர். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துச் செல்பவர், கைத்துப்பாக்கியானால் உறையிலும், நீண்ட துப்பாக்கியானால் அதற்கென்று அமைந்த பையிலும், முற்றும் மூடியிருக்கும்படி வைத்துக்கொள்ளவேண்டுமென்று கூறுகின்றன. பிறர் கண்ணுக்குத் தெரியும்படி நடப்பதே தவறு. கலியாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுபவருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ காத்துவைத்திருக்கின்றது. இவை லைசென்சைப் புதுப்பிக்கும் நாளில் ஸ்டேஷன் அறிக்கையில் வந்து நிற்கும் விஷயங்கள் என்பதனால் சொன்னோம்.

நிற்க. எம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

எம் தகப்பனாரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மலையடிவாரத்தில் எமக்குச் சிறிது நிலமுண்டு. அதன்பொருட்டு அவர் தகப்பனார் பெற்ற லைசென்சுக்குப்பின் இவர் தம் பெயரில் பெற்றது. மூன்றாண்டுக்கொருமுறை, தவணைக்கு மூன்று மாதம் இருக்கும்பொழுதே, லைசென்ஸ் புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் இட்டுக்கொண்டு முதற் பஸ்ஸில் கலெக்டர் கச்சேரிக்குப் புறப்படுவார். அந்தப் பையை வேறொருவர் தொட விடமாட்டார். அதனாலேயே அதில் என்ன தேதி எழுதியிருந்தது என்பது எமக்கும் எம் தம்பிமாருக்கும் தெரியாது போயிற்று. 2010-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. ஆஸ்பத்திரியும் வைத்தியமுமாக மூன்று திங்கள் சென்றன. வலக்கையும் வாயும் அடங்கிவிட்டன. படுக்கையில் இருந்தபடியே இடக்கையால் பரண்மேல் இருந்த பெட்டியை அவர் பலமுறை சுட்டிக்காட்டியதுண்டு. பணம் கேட்கின்றார் என்று எண்ணி அம்மா தம் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்கள். நிலப் பத்திரம் கேட்கின்றார் என்று எண்ணித் தம்பி பத்திரங்களை எடுத்துக் காட்டினான். அவர் தலையை அசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று தவணை முடிந்தது.

2011-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தல் வந்தது. தேர்தல் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது நீங்கள் அறிந்த வழக்கம். சேவகர் வந்து சொன்னதும், நல்ல பிள்ளைகளாக யாமும் தம்பியும் துப்பாக்கியையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு சென்றோம். ரைட்டர் புத்தகத்தைப் புரட்டினார், மறுமுறையும் புரட்டினார், பின்பு எம்மை நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அதுவரையில் அந்த ஸ்டேஷனில் எம் குடும்பத்தார்க்கு நாற்காலி போடுவது வழக்கம்.

அவர்கள்மீது யாம் குறை கூறவில்லை. அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். துப்பாக்கியை மகசர் எழுதி எடுத்துக்கொண்டார்கள். வாய்பேச இயலாத முதியவர்மீது குற்றம் பதிவாயிற்று. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததன்றோ? ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டிக் கருணை கேட்டு அலைந்தோம். பெரியோர் சிலர் உதவினர்; ஒருவாறு அவ்விஷயம் மேலே செல்லாமல் நின்றது. புதுப்பிக்க வேண்டி மனுக் கொடுத்தோம். தாமதம் மிக நீண்டதன்று என்று அதிகாரி கருதினால், இடைப்பட்ட காலத்துக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு புதுப்பிக்கலாம். நீண்டதென்று கருதினால் புது மனுவாகவே கொள்ளலாம் என்பது அக்காலத்து 1962-ஆம் ஆண்டு விதி. எம் மனு எவ்வகையிலும் முடிவாகவில்லை. மனுதாரரை நேரில் பார்க்கவேண்டுமென்றார்கள். அவரோ கட்டிலைவிட்டு எழ இயலாதவர்.

யாம் வெளியூர் சென்று திரும்பும்பொழுதெல்லாம் அவர் எம் கையை நோக்குவார். மஞ்சள் பை வந்ததா என்பதே அந்நோக்கின் பொருள் என்பது எமக்கு அப்பொழுது நன்கு விளங்கிவிட்டது. முன்னர் விளங்கவில்லையே! 2012-ஆம் ஆண்டு ஆடியில் அவர் காலஞ்சென்றார். அறுபதாண்டுக்காலம் எவரிடமும் ஒரு சொல் கேளாத மனிதர், தம் பெயர் ஸ்டேஷன் காகிதத்தில் ஏறியதை அறிந்தவராகவே போனார்.

அதன்பின் நேர்ந்தது சிறுமையானது, ஆயினும் மறைக்கலாகாது. வாரிசு முறையில் லைசென்ஸ் கேட்பதானால் ஒருவர் பெயரில் கேட்கவேண்டும். மற்றைய வாரிசுகள் ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தரவேண்டும். மூத்தவன் என்று யாம் கேட்டோம். நிலத்தில் இருப்பவன் தானே என்று தம்பி கேட்டான். ஒருவர்க்கொருவர் எழுதித் தரவில்லை. ஸ்டேஷனில் கிடக்கும் ஆயுதத்தைக் குறித்த காலத்துக்குள் மீட்காமலும் உரியவருக்கு விற்காமலும் விட்டால் அது சர்க்காரைச் சேரும் என்பது அந்த 21-ஆம் பிரிவின் மற்றொரு பகுதி. அவ்வாறே சேர்ந்தது. இப்பொழுது யாமிருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகின்றோம். ஆயுத பூசையன்று மட்டும் அந்த மணையைப் பார்த்து ஒன்றும் பேசுவதில்லை.

இக்கதையில் அதிகாரிகளின் கொடுமை யாதுமில்லை. எதிரியின் சதியும் இல்லை. ஒரு தேதியை ஒருவர் மட்டும் அறிந்திருந்தார் என்பதுவே முழுக்குற்றமும். ஆதலின், துப்பாக்கி உள்ள வீட்டில் அத்தேதியை மனைவி மக்கள் அனைவரும் அறிந்திருக்கவேண்டுமென்று யாம் கூறுகின்றோம். பஞ்சாங்கத்தின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். பிள்ளைகளின் கைப்பேசியில் ஏற்றச் சொல்லுங்கள். தவணை நாளன்று போவதில் யாதொரு பயனுமில்லை. ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போகவேண்டும்; உடலும் மனமும் நலமாயிருப்பதாக வைத்தியர் சான்று வேண்டும்; வீடு மாறியிருந்தால் அதற்கும் அத்தாட்சி வேண்டும்; துப்பாக்கியை நேரில் காட்டவேண்டும்; தேசியப் பதிவேட்டில் ஏறிய தனி அடையாள எண் புத்தகத்தில் இருக்கின்றதா என்று பார்ப்பார்கள். இவற்றுள் ஒன்று தவறினும் காகிதம் திரும்பி வரும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன்னர்த் தொடங்குவதே எம் தகப்பனார் முறை; அதுவே எம் யோசனையும். மனுக் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் கச்சேரிப் படியை விட்டு இறங்கலாகாது. கம்ப்யூட்டர் மூலம் அனுப்பினாலும் அதன் சீட்டை அச்சிட்டுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளவேண்டும்.

நம்மவருக்குப் புதுப்பித்தல் தடைப்படுவதற்கு மறதியைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. அதனைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பங்காளிகளுக்குள் வரப்புச் சண்டை, கோயில் மரியாதைச் சண்டை, வாய்க்கால் சண்டை இவற்றால் ஸ்டேஷன் ஏறி, அமைதி காப்பதாக ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுத்து வருபவர் நம்முள் எத்தனை பேர்! அப்பத்திரம் நடப்பில் இருக்கும் காலம்வரை அவர் துப்பாக்கி வைத்திருத்தலே கூடாதென்று 9-ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வேளையில் தவணையும் வந்து சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். ஒரு முழ வரப்புக்காகப் பாட்டனார் துப்பாக்கியை இழந்த வீடுகள் இரண்டை இச்சபையிலேயே யாம் அறிவோம். இத்தகைய வழக்குகளை நம் சங்கத்துப் பெரியோர் முன் தீர்த்துக்கொள்வதே நலம் என்று பன்முறை கூறியுள்ளோம்.

மனுவை மறுத்தாலும் வாயடைத்துத் திரும்பவேண்டுவதில்லை. மறுப்புக்குரிய காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதன்மீது மேல்முறையீடு உண்டு. போதிய சொத்து இல்லை என்பதொன்றையே காரணமாகக் கொண்டு மறுக்கலாகாதென்றும் சட்டம் கூறுகின்றது. நம்முள் ஏழைக் குடியானவர்கள், "நாம் எங்கே, லைசென்ஸ் எங்கே" என்று தாமே பின்வாங்கிவிடுதலின் இதனைச் சொல்லவேண்டியதாயிற்று. பயிர்க்காவலுக்கு வைத்திருக்கும் கருமருந்துத் துப்பாக்கிக்குச் சட்டத்தில் தனி இடமே உண்டு. ஆயினும், பயிர்க்காவல் என்ற பெயரில் காட்டுப்பன்றியைச் சுட்டுவிடலாம் என்று மயங்கவேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. ஆயுதச் சட்டம் வேறு. லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருக்கும் அனுமதி. விலங்கைக் கொல்லும் அனுமதியன்று. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருப்போர் தம் லைசென்சை வனத்துறையிடமும் பதிந்துகொள்ளவேண்டும். அவ்வெல்லைக்குள் புது லைசென்சுக்கு அத்துறையின் இசைவு வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி புதுப்பித்தலும் அத்துறைக்குத் தெரிவித்தே நடைபெறும். மலையடிவாரத்தார் இதற்கும் நாள் ஒதுக்கிக்கொள்ளவேண்டும்.

வாரிசு விஷயத்தில் இறப்பு வரையில் காத்திருக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிரம்பினாலும், துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலும், உயிரோடிருக்கும்பொழுதே தம் வாரிசுக்கு மாற்றித்தர 2016-ஆம் ஆண்டு விதிகள் வழி செய்திருக்கின்றன. இவ்வழி எம் தகப்பனார் காலத்தில் இருந்திருக்குமாயின் என்று யாம் எண்ணாத நாளில்லை. எழுபது கடந்த பெரியோர் பலர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றீர்கள். யாருக்கு என்பதை நீங்களே தீர்த்து, நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தால், பின்னர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பாராமல் உட்காரவேண்டி வராது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்குமேல் கூடாதென்று 2019-ல் வரம்பு வந்துவிட்டது. வாரிசாக வருவதும் அவ்விரண்டனுள் அடங்கியதே. முன்பு மூன்று வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் மூன்றாவதை ஒப்படைத்திருக்கவேண்டும். இன்னும் பரணில் இருக்குமாயின், அது தவணை தவறியதைவிட மோசமான நிலை; நல்ல வக்கீல் ஒருவரை உடனே கலந்துகொள்க.

இறுதியாக, எல்லோரும் புதுப்பித்தே தீரவேண்டுமென்று யாம் சொல்ல வரவில்லை. நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு இரட்டைக்குழல் எதற்கு? பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில், பூட்டில்லாத அலமாரியில், தோட்டாவோடு அது எதற்கு? அத்தகையோர் தவணைக்கு முன்னரே லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் விற்றுவிடலாம். அல்லது ஒப்படைத்து ரசீது பெறலாம். அதனால் குடும்ப கௌரவம் குறையாது. எம் வீட்டில் இன்று துப்பாக்கி இல்லை. காட்டோர நிலத்தை முள்வேலியும் நாயும் காக்கின்றன. முன்னிலும் மோசமாகக் காக்கவில்லை.

நம் சங்கத்து அங்கத்தினருள் லைசென்ஸ் உடையோர் பெயர், புத்தகத்தின் தவணைத் தேதி, வாரிசு இன்னார் என்னும் விவரம் ஆகியவற்றை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போட்டிருக்கின்றோம். தவணைக்கு நான்கு மாதம் இருக்கும்பொழுது அவரவர் வீட்டுக்கு ஒரு தபாற்கார்டு போகும். கைப்பேசி உள்ள வீடானால் செய்தியும் போகும். இன்று புத்தகம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம்; சிலர் கொண்டுவந்திருப்பதைக் காண்கின்றோம். கூட்டம் முடிந்து சிற்றுண்டி ஆனதும், வாயிற்புறத்து மேசையருகில் யாமும் காரியதரிசியும் இருப்போம். கொண்டுவராதவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் சங்கக் கட்டடத்துக்கு வரலாம். துப்பாக்கியைக் கொண்டுவரவேண்டாம், புத்தகம் மட்டும் போதும்.